ஒரு மருந்தின் உப்பும் இரண்டு பெண்களின் மனுவும்

காசநோய்க் கிருமிக்குள் ஒரு நுண்சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஏடிபி சிந்தேஸ் என்னும் புரதத்தின் பகுதி அது. அது சுழலச் சுழலத்தான் கிருமிக்கு வேண்டிய ஆற்றல் கிடைக்கும். பெடாகுயிலின் மருந்து அந்தச் சக்கரத்தில் போய் ஒட்டிக்கொண்டு அதை நிறுத்திவிடுகிறது. ஆற்றல் வற்றிக் கிருமி சாகிறது. மற்ற மருந்துகளுக்கு அடங்காத காசநோய்க்கும் இது கேட்கும். இது பரவலாகக் கிடைக்கும் முன் அத்தகைய நோயாளிகளுக்கு மாதக்கணக்கில் ஊசி போட்டார்கள். அந்த ஊசி மருந்து உட்செவியின் நுண்மயிர்ச் செல்களை அழிக்கக்கூடியது. அழிந்த செல்கள் மறுபடி முளைப்பதில்லை.

மும்பையின் நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவின் புமேசா டிசிலேவும் காசநோயிலிருந்து மீண்டவர்கள். சிகிச்சையில் செவித்திறனைப் பறிகொடுத்தவர்கள். 2019இல் இருவரும் இந்தியக் காப்புரிமை அலுவலகத்தில் எதிர்ப்பு மனு கொடுத்தார்கள்.

பெடாகுயிலினுக்கு ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் பெற்றிருந்த மூலக் காப்புரிமை 2023 ஜூலையில் முடியவிருந்தது. அதே மருந்தின் பியூமரேட் உப்புக்கு அந்நிறுவனம் தனியாக விண்ணப்பித்திருந்தது; இருவரும் எதிர்த்தது அதைத்தான். அது கிடைத்திருந்தால் ஏகபோகம் 2027 வரை நீண்டிருக்கும்.

உப்பு எதற்கு? நீரில் எளிதில் கரையாத மருந்தை ஓர் அமிலத்துடன் சேர்த்து உப்பாக்கினால் பெரும்பாலும் நன்றாகக் கரையும். மருந்து வேதியியலில் இது அன்றாட வேலை. இங்கே சேர்த்த பியூமாரிக் அமிலமோ, உணவை ஆற்றலாக மாற்றும்போது நம் உடலின் செல்களே இடையில் உண்டாக்கும் பொருள்!

இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 25(1) பிரிவு அருமையான ஏற்பாடு. விண்ணப்பம் வெளியான பிறகு, காப்புரிமை வழங்கப்படும் முன், யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம். மனுதாரர் விஞ்ஞானியாகவோ போட்டி நிறுவனமாகவோ இருக்கத் தேவையில்லை. ஆனால் மனுவில் பேச வேண்டியது ஆதாரம். இது முன்பே பிரசுரமானது அல்லது துறை அறிந்தவருக்கு எளிதில் தோன்றக்கூடியது என்று பழைய ஆவணங்களைக் கொண்டு காட்ட வேண்டும். மருந்துகளுக்கு 3(டி) பிரிவும் உண்டு: தெரிந்த பொருளின் புது வடிவம் என்றால், நோய் தீர்க்கும் திறன் கூடியிருப்பதை விண்ணப்பதாரர் நிரூபித்தாக வேண்டும். கிளிவெக் என்ற புற்றுநோய் மருந்துக்கான விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் நிராகரித்தபோது இந்தப் பிரிவும் ஒரு காரணம். 2013இல் உச்ச நீதிமன்றம் அந்த மறுப்பை உறுதி செய்தது.

2023 மார்ச் 23 அன்று பியூமரேட் உப்புக்கான விண்ணப்பமும் நிராகரிக்கப்பட்டது. மூலக் காப்புரிமை முடிந்ததும் மற்ற நிறுவனங்களும் இந்த மருந்தைத் தயாரிக்க வழி பிறந்தது.

2024இல் காப்புரிமை விதிகள் திருத்தப்பட்டன. அதுவரை கட்டணமில்லாதிருந்த 25(1) எதிர்ப்பு மனுவுக்கு இப்போது கட்டணம் உண்டு. மனு ஏற்கத்தக்கதுதானா என்றும் முதலில் பார்க்கிறார்கள். வீண் மனுக்களை வடிகட்ட வேண்டியதுதான். ஆனால் விண்ணப்பத்துக்குரிய மருந்தை நம்பி வாழும் நோயாளிகளுக்கும் அவர்களின் அமைப்புகளுக்கும் இந்தக் கட்டணத்தை அரசு விலக்கிவிட வேண்டும்.