திரி வறண்டால் என்ன ஆகும்?

வீட்டில் ஏற்றிவைக்கும் அகல் விளக்கை உற்று நோக்கியிருப்பீர்கள். சுடரின் நடுவிலேயே நிற்கும் பஞ்சுத் திரி, மணிக்கணக்கானாலும் எரிந்து போவதில்லை. நுனி மட்டும் சற்றுக் கருகுகிறது. எண்ணெய் வற்றியதும் கதை மாறிவிடுகிறது. சிறிது நேரத்தில் திரியே பற்றி எரிந்து, தீய்ந்த நெடியைப் பரப்பிவிட்டு அணைகிறது. பஞ்சு அதே பஞ்சுதான்; தீயும் அதே தீதான். அப்படியானால் மாறியது எது?

இதற்கு விடை கண்டுவிட்டால், மின் சிகரெட் என்ற கருவிக்குள் நடப்பது என்ன, அதனால் விளையும் கேடு என்ன என்பதும் உங்களுக்கு விளங்கிவிடும்.

சுருளும் திரியும்

சீனாவைச் சேர்ந்த ஹான் லிக் என்ற மருந்தாளுநர் 2003-ஆம் ஆண்டில் உருவாக்கிய கருவியிலிருந்தே இன்றைய மின் சிகரெட்டுகள் வளர்ந்தன. இதில் புகையிலை எரிவதில்லை. ஒரு லித்தியம் மின்கலம், ஒரு சிறு கம்பிச் சுருள், அதனுள் செருகிய பஞ்சுத் திரி, ஒரு திரவம் ஆகியவையே இதன் உறுப்புகள். கிளிசரினும் புரொப்பிலீன் கிளைக்காலும் கலந்து, பெரும்பாலும் நிக்கோட்டினும் சேர்த்தது அந்தத் திரவம். திரி அதை உறிஞ்சிச் சுருளுக்குக் கொண்டுவருகிறது. சுருள் சூடாகி அதை ஆவியாக்குகிறது.

கம்பி பல நேரங்களில் நிக்ரோமாக இருக்கும். நம் வீட்டு இஸ்திரிப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். நிக்கலும் குரோமியமும் கலந்த இந்த உலோகத்துக்கு அமெரிக்கரான ஆல்பர்ட் மார்ஷ் 1906-இல் காப்புரிமை பெற்றார். இதன் மின்தடை எண் செம்பைப் போல் ஏறக்குறைய 65 மடங்கு. செந்தணலாகச் சிவந்தாலும் மேலே படியும் குரோமியம் ஆக்சைடு படலம் கம்பியைக் காக்கிறது.

திரி உறிஞ்சும் வேகம்

பஞ்சு இழைகளுக்கு நடுவே உள்ள நுண்ணிய இடைவெளிகளில், பரப்பு இழுவிசையின் காரணமாகத் திரவம் ஏறுகிறது. இதுவே நுண்புழை ஏற்றம். இதன் வேகத்தை நீங்களே அளக்கலாம்.

ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள பழைய வெள்ளைப் பருத்தித் துணிப் பட்டையில் சென்டிமீட்டருக்கு ஒரு பென்சில் கோடு இடுங்கள். அதைத் தொங்கவிட்டு, அடி நுனி மட்டும் மை கலந்த நீரில் தோயும்படி வையுங்கள். 1, 4, 9 நிமிடங்களில் நீர் எட்டிய உயரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அவை ஏறத்தாழ 1, 2, 3 என்ற விகிதத்தில் அமையும். உயரம் கூடக் கூடப் புவியீர்ப்பினால் சிறிது குறையலாம். உயரம் காலத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று வாஷ்பர்ன் என்ற அமெரிக்க அறிஞர் 1921-இல் விளக்கிய விதி இது.

அடுத்து, மருந்துக்கடையில் கிடைக்கும் கிளிசரினில் இன்னொரு பட்டையைத் தோயவிடுங்கள். ஆமை வேகம்! கிளிசரினின் பாகுநிலை தண்ணீரைப் போல் ஆயிரம் மடங்குக்கும் அதிகம். ஆகவே திரி தரும் திரவத்துக்கு ஓர் உச்ச வேகம் உண்டு. எவ்வளவு அவசரப்பட்டாலும் அதற்கு மேல் தராது.

காகிதக் கிண்ணத்தில் வெந்நீர்

காகிதக் கிண்ணத்தில் நீர் ஊற்றிச் சுடரில் காட்டினால் நீர் கொதிக்கும், காகிதம் எரியாது. இதை உங்கள் ஆசிரியர் செய்து காட்டியிருக்கலாம். நீர் இருக்கும்வரை வருகின்ற வெப்பமெல்லாம் அதை ஆவியாக்குவதிலேயே செலவாகிறது. காகிதத்தின் வெப்பநிலை 100 டிகிரி செல்சியசை ஒட்டியே நிற்கிறது. காகிதம் பற்றிக்கொள்ள 200 டிகிரிக்கும் மேல் வேண்டும்.

அகல் விளக்கின் புதிருக்கும் இதுவே விடை. திரியைக் காத்து நின்றது எண்ணெய்! மின் சிகரெட்டிலும் புரொப்பிலீன் கிளைக்கால் 188 டிகிரியிலும், கிளிசரின் 290 டிகிரியிலும் கொதிக்கின்றன. திரி நனைந்திருக்கும்வரை சுருளின் வெப்பநிலை இவற்றை வெகுவாகத் தாண்டுவதில்லை. திரி வறண்டாலோ கடிவாளம் அறுந்த குதிரைதான்.

பாதிக் கம்பி, நான்கு மடங்கு வெப்பம்

வெளிநாடுகளில் சிலர் இச்சுருளைத் தாமே சுற்றி, திரியையும் தாமே பொருத்துவதை ஒரு பொழுதுபோக்காகவே கொண்டுள்ளனர். அதில் மறைந்துள்ள ஆபத்தைக் காகிதத்தில் கணக்கிட்டே காண்போம்.

மின்கலம் 3.7 வோல்ட், சுருள் 1.5 ஓம் எனக் கொள்வோம். ஓம் விதிப்படி மின்னோட்டம் சுமார் 2.5 ஆம்பியர், திறன் சுமார் 9 வாட். அதே கம்பியில் பாதி நீளத்தை மட்டும் சுற்றினால் தடை பாதியாகும். மின்னோட்டம் இரு மடங்காகும். திறன் 18 வாட். இரட்டிப்பான வெப்பம் பாதி நீளத்தில் வெளிப்படுவதால், ஒவ்வொரு சென்டிமீட்டர் கம்பிக்கும் வெப்பம் நான்கு மடங்கு! திரியின் வேகமோ நான்கு மடங்காகவில்லை. அதனால்தான் திரி வறள்கிறது.

தடுப்புச் சுற்று இல்லாத கருவியில் தடை 0.1 ஓமாகக் குறைந்தால் மின்னோட்டம் 37 ஆம்பியரை நெருங்கும். இது குறுக்குச் சுற்றுக்கு அடுத்த நிலை. பல லித்தியம் மின்கலங்கள் இதைத் தாங்காமல் சூடேறி, தீப்பற்றவோ வெடிக்கவோ கூடும். 2018 மே மாதம் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் இத்தகைய கருவி வெடித்து ஒருவர் உயிரிழந்தார்.

ஆய்வுக்கூடம் சொல்வது

மிகை வெப்பத்தில் திரவம் ஆவியாவதோடு நிற்பதில்லை, சிதைகிறது. கிளிசரின் சிதைந்தால் அக்ரோலின் பிறக்கிறது. எண்ணெய்ச் சட்டி அளவுமீறிக் காய்ந்து புகையும்போது கண்ணை எரிக்கும் பொருள் அதுதான். ஃபார்மால்டிஹைடும் உண்டாகிறது. பள்ளி ஆய்வகத்தில் உயிரினங்களைக் கெடாமல் வைத்திருக்கும் ஃபார்மலின் இதன் நீர்க்கரைசலே. இது புற்றுநோயை உண்டாக்கும் பொருள்.

அமெரிக்காவின் போர்ட்லண்ட் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் ஒரு மின் சிகரெட்டைச் சோதித்தனர். 3.3 வோல்ட்டில் ஃபார்மால்டிஹைடு தரும் பொருள்கள் தென்படவில்லை. 5 வோல்ட்டில் கணிசமாகத் தென்பட்டன. திரி வறண்ட நிலையில்தான் இவ்வாறு நிகழும், அப்போது எழும் தீய்ந்த சுவையை எவரும் பொறுக்கமாட்டார் என்று கிரேக்க ஆய்வாளர் ஃபர்சலினோசும் அவருடைய குழுவினரும் அதே ஆண்டில் மறுத்தனர். இரு தரப்பினரையும் கூர்ந்து கவனியுங்கள். வெப்பம் திரியை முந்தினால் நஞ்சு பிறக்கிறது என்பதில் அவர்களுக்குள் வேறுபாடு இல்லை.

அப்படியானால் திரி நனைந்திருந்தால் தீங்கில்லையா? அவ்வாறு எண்ணவேண்டாம். நிக்கோட்டின் அடிமைப்படுத்தும் பொருள். வளரும் மூளைக்கு ஊறு செய்வது. சுருளிலிருந்து நிக்கல், குரோமியம் போன்ற உலோகங்களும் ஆவியில் கலப்பதை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வு 2018-இல் காட்டியது. இந்தியா 2019-இல் சட்டம் இயற்றி, மின் சிகரெட்டுகளின் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் அனைத்தையும் தடை செய்துவிட்டது.

"வெறும் நீராவிதானே!" என்று யாரேனும் ஒரு கருவியை உங்களிடம் நீட்டினால், அதற்குள் இருப்பது வெறும் நீர் இல்லை என்பதை நீங்கள் இப்போது அறிவீர்கள். ஒரு துண்டுக் கம்பியும் ஒரு துளிப் பஞ்சும் கற்பிக்கும் இயற்பியலைக் கற்க அந்தக் கருவி தேவையுமில்லை. பருத்தித் துணியும் மை கலந்த நீரும் கடிகாரமும் போதும். தண்ணீருக்கும் கிளிசரினுக்கும் தனித்தனியே வரைபடம் வரைந்து பாருங்கள். தேங்காயெண்ணெய் இவ்விரண்டில் எதன் அருகே வரும்? முதலில் ஊகியுங்கள், பிறகு அளந்து பாருங்கள்.