ராணி இருந்தும் வெல்லத் தெரியாத கணினி

கறுப்புக்கு ராணி, இரண்டு யானை, மூன்று மந்திரி. வெள்ளைக்கோ ராஜாவும் நான்கு சிப்பாய்களும்தான். 2017-ல் பென்ரோஸ் நிறுவனம் வெளியிட்ட இந்தச் சதுரங்கப் புதிரைக் கணினியிடம் கொடுத்தபோது, கறுப்புக்கே வெற்றி என்றது. உண்மையில் அது டிரா.

கறுப்பு ராணியும் யானைகளும் சிப்பாய்களுக்குப் பின்னால் அடைபட்டுக் கிடக்கின்றன. மூன்று மந்திரிகளும் கறுப்புக் கட்டங்களில் மட்டுமே ஓடுபவை. வெள்ளை ராஜா வெள்ளைக் கட்டங்களிலேயே நடந்துகொண்டிருந்தால் செக் வைக்க ஆளில்லை. சிப்பாய் நகராமல், காய் எதுவும் வெட்டுப்படாமல் இரு தரப்பும் 50 நகர்த்தல்களைக் கடந்துவிட்டால் டிரா கேட்கலாம்.

எதிரி நுழைய முடியாத இத்தகைய அரணைச் செஸ் ஆட்டக்காரர்கள் ‘கோட்டை’ என்கிறார்கள். மனிதருக்குப் புலப்படுவது கணினிக்கு ஏன் புலப்படவில்லை? அது நகர்த்தல்களைக் கிளை கிளையாக விரித்து, ஓர் ஆழத்தில் நிறுத்தி, அங்குள்ள நிலைக்கு மதிப்பெண் போடுகிறது. காய் பலம் கூடினால் பெரும்பாலும் மதிப்பெண்ணும் கூடும். எவ்வளவு ஆடினாலும் இந்த அரணுக்குள் நுழையவே முடியாது என்ற உண்மை, அது தேடும் ஆழத்துக்கு அப்பால் இருக்கிறது.

கணினியின் இந்தக் குறையை வைத்தே 2008-ல் அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் ஹிகாரு நகமுரா, ரிப்கா என்ற நிரலை இணைய ஆட்டமொன்றில் வீழ்த்தினார். நிலை முழுதும் அடைபட்டுக் கிடந்தது. தன் கையே ஓங்கியிருக்கிறது என்று கணக்கிட்ட ரிப்கா, 50 நகர்த்தல் டிராவைத் தவிர்க்கச் சிப்பாயை விட்டுக்கொடுத்தது. 271-வது நகர்த்தலில் தோற்றது.

காய்கள் குறைந்துவிட்டால் கதையே வேறு. ராஜாக்களையும் சேர்த்து 7 காய்கள் வரையிலான இறுதியாட்டங்களுக்கு விடை கண்டு பட்டியலிட்டுவிட்டார்கள். அவற்றில் ஒன்றில் மேட் வைக்க 549 நகர்த்தல்கள் தேவை! பட்டியல் கையில் இருந்தால் கணினி பிசகாது. எட்டாவது காய் இருந்தால் மறுபடி தேடலும் மதிப்பெண்ணும்தான்.

கணினியின் மதிப்பெண்ணைச் சாராமலும் ஆடப் பழகலாம். சென்னையில் வளர்ந்த செஸ் ஆட்டக்காரர் குகேஷை, அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா ஏறக்குறைய 2500 ரேட்டிங் வரை செஸ் நிரல்களிடம் அண்டவிடவில்லை. நிலையைத் தானே எடைபோடப் பழகட்டும் என்பது எண்ணம். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் உலகப் பட்டத்துக்கான கடைசி ஆட்டத்தில் அந்தப் பழக்கம் கைகொடுத்திருக்கலாம். கணினி சமன் என்று காட்டிய நிலையில், ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்திருந்த குகேஷ் விடாமல் ஆடினார். 55-வது நகர்த்தலில் எதிராளி டிங் லிரென் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். யானைகள் வெட்டுப்பட்டன, மூலையில் மாட்டிய அவருடைய மந்திரியும் தப்ப முடியாமல் வெட்டுப்பட, 58-வது நகர்த்தலில் டிங் ஆட்டத்தை விட்டார். அந்த நிலையைக் காப்பது மனிதருக்கு எவ்வளவு கடினம் என்பதைக் கணினியின் ‘சமன்’ சொல்லவில்லை.

கைபேசியில் செஸ் பழகும் பிள்ளைகள், மதிப்பெண் ஒருபக்கம் சாய்ந்தபடியே பல நகர்த்தல்களாக அசையாமல் நின்றால் கோட்டையோ என்று சந்தேகிக்க வேண்டும். பலகையை எடுத்து, எந்தச் சிப்பாய் இன்னும் நகர முடியும், ராஜா எந்த வழியாக உள்ளே நுழைய முடியும், மந்திரியால் தொட முடியாத கட்டங்கள் எவை என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.