மலைப்பாதை வண்டிக்குப் பழைய அச்சு

மாட்டு வண்டியைக் கண்டு பழகிய நமக்கு அச்சு என்பது புதிய பொருள் அன்று. வண்டியின் குறுக்கே ஓர் இரும்பு இருசு. அதன் இரு முனைகளிலும் சில்லுகள். சில்லு கழன்று விழாதபடி காக்க ஒரு கடையாணி. இங்கே இருசு சுழல்வதில்லை. பாரத்தைத் தாங்கி நிற்பது ஒன்றே அதன் தொழில். மோட்டார் வண்டியின் பின்னச்சுக்கோ இரண்டு தொழில்கள் உண்டு. அது பாரத்தையும் தாங்கவேண்டும். எஞ்சினின் வலுவைச் சில்லுவரை கொண்டுசென்று அதனைச் சுழற்றவும் வேண்டும். இவ்விரு தொழில்களையும் ஒரே தண்டு செய்கின்றதா, அன்றி வெவ்வேறு உறுப்புகள் செய்கின்றனவா? கரடுமுரடான பாதையில் ஓடும் வண்டிக்குப் பழைய அச்சு வாங்கப் புறப்படுபவர் முதலிற் கேட்கவேண்டிய வினா இதுவேயாகும்.

இவ்வினாவுக்கு ஓர் எடுத்துக்காட்டாக லாண்ட் றோவர் வண்டியை எடுத்துக்கொள்வோம். 1948 ஏப்ரல் 30ஆந் திகதி ஆம்ஸ்டர்டாம் மோட்டார்க் கண்காட்சியில் இது முதன்முதல் வெளிப்படுத்தப்பட்டது. இதன் வழிவந்த டிபெண்டர் வண்டியின் கடைசி உருப்படி 2016 ஜனவரி 29ஆந் திகதி இங்கிலாந்தின் சோலிஹல் தொழிற்சாலையை விட்டு வெளியேறியது. நமது மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலும், நம்மவர் பலர் வாழும் மலேசியாவின் கமரன் மலைப் பிரதேசத்திலும், பழைய லாண்ட் றோவர்கள் இன்றும் உழைத்து வருகின்றன. மரக்கறி மூட்டைகளையும், உரத்தையும், சில வேளைகளில் நோயாளரையும் ஏற்றிச் செல்கின்றன. இவற்றின் அச்சு பழுதடைந்தால், உரிமையாளர் புதியது வாங்க வசதியற்றவராய், கொழும்புப் பஞ்சிகாவத்தை போன்ற இடங்களில் உள்ள பழைய உதிரிப்பாகக் கடைகளை நாடுகின்றார். அங்கே அவர் செலவிடுவது பல மாத உழைப்பின் சேமிப்பு. ஆகையால் எதைப் பார்த்து வாங்கவேண்டும் என்பதை அறிந்திருத்தல் அவருக்கு இன்றியமையாதது.

முதலில் அச்சின் உள்ளமைப்பைச் சற்றுக் காண்போம். வெளியே தெரிவது ஓர் இரும்பு உறை. அதன் நடுவே பூசணிக்காய்போற் பருத்த பகுதியில், கராஜ்காரர் டிபரன்ஷல் என்று வழங்கும் பற்சில்லுத் தொகுதி இருக்கின்றது. கியர்ப் பெட்டியிலிருந்து வரும் நீண்ட தண்டின் சுழற்சியை இத்தொகுதி பக்கவாட்டில் திருப்புகின்றது. வண்டி வளைவில் திரும்பும்போது இரு சில்லுகளும் வெவ்வேறு வேகத்திற் சுழலவும் இடமளிக்கின்றது. இதன் இருபுறமும் உறைக்குள்ளே ஒவ்வோர் அரைத்தண்டு சென்று சில்லைச் சேர்கின்றது.

சாதாரண மோட்டார்க் கார்களிலும் சிறு பாரவண்டிகள் பலவற்றிலும், அரைத்தண்டின் வெளிமுனையிலேயே சில்லு பூட்டப்பட்டிருக்கும். தண்டே சுழற்றுகின்றது, தண்டே பாரத்தையும் தாங்குகின்றது. இதனை அரை மிதப்பு அச்சு என்பர். கனவேலைக்கு அமைந்த அச்சில் ஏற்பாடு வேறு. சில்லின் குடம், உறையின் முனையிலே இரண்டு பெயாரிங்குகளின்மேல் அமர்ந்திருக்கும். பாரம் முழுவதையும் உறை தாங்கும். அரைத்தண்டு உள்ளே மிதந்தபடி சுழற்றும் தொழிலை மட்டும் செய்யும். இது முழு மிதப்பு அச்சு. மாட்டு வண்டியின் இருசு செய்த வேலையை இங்கே உறை செய்கின்றது எனலாம்.

இவ்வேறுபாட்டின் பயன் தண்டு முறியும் நாளிலே தெரியும். அரை மிதப்பு அச்சில் தண்டு வெளிப்புறத்தே முறிந்தால், சில்லு பிறேக் உருளையுடன் கழன்று வெளியே வரக்கூடும். உருளை விலகியதும், உள்ளே பிறேக்கை அழுத்தும் முளைகள் வெளித்தள்ளப்பட்டு எண்ணெய் வழிந்தோடும். நான்கு சில்லுகளுக்கும் ஒரே எண்ணெய்க் குழாய்த் தொடர் உள்ள பழைய வண்டிகளில், அத்துடன் எல்லாப் பிறேக்குகளும் செயலிழந்துவிடும். செங்குத்தான இறக்கத்தில் இதன் விளைவை விரித்துரைக்க வேண்டியதில்லை. முழு மிதப்பு அச்சிலோ, தண்டு முறிந்தாலும் சில்லு தன் இடத்திலேயே நிற்கும். காற்பிறேக்கும் வேலை செய்யும். முறிந்த தண்டை உருவி எடுத்துவிட்டு, முன்சில்லுகளின் வலுவால் வண்டியை மெல்ல வீடு சேர்ப்பதும் இயலும்.

கடையிற் கிடக்கும் அச்சு எவ்வகையினது என்பதைக் கண்ணாற் பார்த்தே அறியலாம். சில்லின் நடுவே, குடத்துக்கு வெளியே தனியாக ஒரு தட்டு போல்ட்டுகளாற் பூட்டப்பட்டிருந்தால், அஃது பெரும்பாலும் முழு மிதப்பு. சில்லைக் கழற்றாமலே அப்போல்ட்டுகளை நீக்கி அரைத்தண்டை வெளியே இழுக்கலாம். லாண்ட் றோவரின் இரண்டாம், மூன்றாந் தொடர் வண்டிகளின் பின்னச்சு இவ்வகையைச் சேர்ந்ததே.

அந்த வண்டிகளிலும் இருவகை அச்சுகள் உண்டு. 88 அங்குல அடிச்சட்ட வண்டியில் வருவது றோவர் அச்சு. இதன் பற்சில்லுத் தொகுதியை முன்புறமாகக் கழற்றி எடுக்கலாம். பின்புறம் கிண்ணம்போல் மூடப்பட்டிருக்கும். 109 அங்குல நீள வண்டிகளில், முக்கியமாக 1970களிலும் அதன் பின்னரும் வந்தவற்றில், சலிஸ்பரி அச்சைக் காணலாம். இதன் பின்புறத்தில் போல்ட்டுகள் பூட்டிய மூடித்தகடு இருக்கும். இது அமெரிக்காவின் டேனா 60 என்னும் அச்சுக்கு நெருங்கிய உறவினது. அமெரிக்கர் தம் காட்டுப்பாதை வண்டிகளுக்கெனப் பழைய பாரவண்டிகளிலிருந்து தேடி எடுக்கும் அச்சுகளுள் டேனா 60 பெயர்பெற்றது. அதன் உள்ளே உள்ள பெரிய பற்சில்லின் விட்டம் 9.75 அங்குலம். ஜீப் வண்டிகளிற் பெரிதும் காணப்படும் டேனா 44 அச்சிலோ அது 8.5 அங்குலமே.

அப்படியாயின் எல்லோரும் பெரிய அச்சையே வாங்கவேண்டுமா? இல்லை. சலிஸ்பரி அச்சு கனமானது. அதன் நடுப்பகுதி தாழ்ந்து தொங்குவதால் கல்லும் கட்டையும் தட்டும். அதனைச் சிறிய வண்டியிற் பூட்டினால், கியர்ப் பெட்டியிலிருந்து வரும் தண்டையும் வேறு அளவில் அமைக்கவேண்டும். பிறேக்கின் அளவும் ஒன்றன்று: 88 அங்குல வண்டிக்கு 10 அங்குல உருளை, 109 அங்குல வண்டிக்கு 11 அங்குல உருளை. வேற்று வண்டியின் அச்சாயின் சில்லுகளும் பொருந்தா. லாண்ட் றோவர் சில்லில் ஐந்து ஆணிகள். டேனா 60 அச்சில் பெரும்பாலும் எட்டு ஆணிகள். இரண்டிலும் ஆணிகள் நிற்கும் வட்டத்தின் விட்டம் ஆறரை அங்குலமேயாயினும் ஒன்றின் சில்லு மற்றதிற் பூட்டப்படமாட்டாது. மிதமான பாரம் ஏற்றும் சிறிய வண்டிக்குப் பழுதற்ற றோவர் அச்சே போதுமானது. நாள்தோறும் கனபாரம் ஏற்றும் நீள வண்டிக்குச் சலிஸ்பரி ஏற்றது.

அடுத்துப் பார்க்கவேண்டியது பற்சில்லுகளின் விகிதம். இங்கேதான் மலிவு தேடிச் செல்வோர் பெரும்பாலும் இடறுகின்றனர். பழைய தொடர் லாண்ட் றோவர்களில் நீண்ட தண்டு 4.7 முறை சுழன்றால் சில்லு ஒருமுறை சுழலும். 1970இல் வந்த றேஞ்ச் றோவரிலும், பின்வந்த டிபெண்டரிலும் இது 3.54 முறை. வெளித்தோற்றத்தில் ஒத்திருக்கின்றன என்று முன்னச்சு ஒருவகையும் பின்னச்சு மற்றொருவகையும் பூட்டினால், தண்டு நூறு முறை சுழலும்போது ஓர் அச்சின் சில்லுகள் 21 முறையும், மற்றதன் சில்லுகள் 28 முறையும் சுழல முயலும். நான்கு சில்லுக்கும் வலுக்கொடுத்தவுடன் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி, டயரையோ கியர்ப் பெட்டியையோ கெடுத்துவிடும்.

விகிதத்தை அறிய ஒரு சுண்ணக்கட்டி போதும். அச்சின் ஒரு சில்லை அசையாமற் பிடித்துக்கொள்ளுங்கள். மற்றச் சில்லிலும், தண்டு பூட்டும் தட்டிலும் கோடிடுங்கள். விடுபட்ட சில்லைச் சரியாக இரண்டு முறை சுழற்றித் தட்டு எத்தனை முறை சுழல்கின்றது என எண்ணுங்கள். நாலே முக்காலுக்குச் சற்றுக் குறைவாயின் 4.7, மூன்றரையளவாயின் 3.54. ஒரு சில்லு நிற்கும்போது மற்றது இருமடங்கு சுழல்வதால், இரண்டு சுற்று எண்ணுதல் அவசியம்.

இனி அச்சின் உடல்நலம். எண்ணெயை வடித்துப் பாருங்கள். வடிகால் ஆணியில் மைபோன்ற நுண்தூள் ஒட்டியிருத்தல் இயல்பு. நகத்துண்டுபோன்ற இரும்புச் சில்லம் கிடைத்தால் பல் உடைந்திருக்கின்றது. எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துள்ளது. பெயாரிங்குகளில் துருவை எதிர்பார்க்கலாம். வடித்த எண்ணெய் புத்தம் புதியதாய் இருப்பதும் சந்தேகத்துக்குரியதே. அரைத்தண்டை உருவி, அதன் முனையில் உள்ள வரிப்பற்களைக் கவனியுங்கள். அவை நேராக இருக்கவேண்டும். முறுக்கிய கயிறுபோற் சாய்ந்திருந்தால் அத்தண்டு முறியும் காலம் அண்மையில் உள்ளது. பழைய றோவர் தண்டுகளின் உள்முனையில் 10 பற்களும், பிற்காலத்து வலிய தண்டுகளில் 24 பற்களும் இருத்தலால், மாற்றுத்தண்டு வாங்கும்போது எண்ணிப் பார்த்தல் நன்று.

உறை வளைந்திருக்கின்றதா என்பதையும் அறியவேண்டும். இரு சில்லுகளையும் பூட்டி, அவற்றின் முன்விளிம்புகளுக்கிடையிலும் பின்விளிம்புகளுக்கிடையிலும் உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். பின்னச்சில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கவேண்டும். மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் அவ்வாறே ஒப்பிடுங்கள். வில்லுத்தகடு அமரும் இடங்களிலும், அடிப்பாகத்திலும் புதிய வர்ணத்தைக் கண்டால் சுரண்டிப் பாருங்கள். துருவும் வெடிப்பும் வர்ணத்தின் அடியில் ஒளிந்திருப்பதுண்டு. முன்னச்சாயின், சில்லு திரும்புமிடத்தில் உள்ள பளபளப்பான உருண்டையைத் துணியால் துடைத்து விரலால் தடவுங்கள். அதில் குழிகள் இருந்தால் எத்தனை ஓயில் சீல் மாற்றினாலும் எண்ணெய் கசியும்.

இவ்வளவும் பார்த்த பின்னரே விலையைப் பேசவேண்டும். அச்சின் விலை ஒரு பகுதி மட்டுமே. பெயாரிங், ஓயில் சீல், பிறேக் பட்டை, பிறேக் குழாய், எண்ணெய், ஏற்றுகூலி, பூட்டுகூலி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கூட்டுங்கள். வேறு வண்டியின் அச்சாயின் சில்லு, தண்டு, வில்லுத்தகட்டு இருக்கை ஆகியவற்றின் செலவையும் சேருங்கள். வாகனத்தின் அமைப்பை மாற்றுவதாயின் மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்திலும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். அரைவிலைக்குக் கிடைத்த பெரிய அச்சு, கூட்டுத்தொகையில் முழுவிலையையும் மிஞ்சிவிடுவது அரிதன்று. சொந்த வண்டியின் வகையைச் சேர்ந்த, நல்ல நிலையிலுள்ள அச்சே பெரும்பாலும் உண்மையான மலிவு.

மலைப்பாதையில் வாழ்வோர்க்கு இன்னுமொரு செய்தியையும் சொல்லவேண்டும். பழைய லாண்ட் றோவரின் கைப்பிறேக் சில்லுகளைப் பிடிப்பதில்லை. கியர்ப் பெட்டியின் பின்னே உள்ள தண்டையே பிடிக்கின்றது. ஆதலால் பின் அரைத்தண்டுகளுள் ஒன்று முறிந்திருக்குமாயின், பின்சில்லுகளுக்கு மட்டும் வலு இணைந்துள்ள நிலையில் கைப்பிறேக் வண்டியை நிறுத்தாது. பின்சில்லு ஒன்றை ஜாக்கியால் உயர்த்தும்போதும் இதே ஆபத்து உண்டு. சரிவில் நிறுத்தும்போதும், பழுது பார்க்கும்போதும் சில்லுக்குக் கல் வைக்காமல் எவரும் வண்டியின் அடியிற் புகுதலாகாது.

எவ்வளவு நல்ல அச்சாயினும் அதனைக் காப்பது ஓட்டுபவரின் காலும் ஏற்றுபவரின் கையுமே. சேற்றிற் சுழன்றுகொண்டிருக்கும் சில்லு திடீரெனக் கல்லைப் பற்றும் அந்த ஒரு கணத்திலேதான் அரைத்தண்டு முறிகின்றது. சில்லு சுழலத் தொடங்கியதும் காலைத் தளர்த்துபவர் பல தண்டுகளின் விலையை மிச்சப்படுத்துவார். மயிலிறகேயாயினும் அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் எச்சரித்தார். அவர் கண்டது மாட்டு வண்டி. நாம் ஏற்றுவதோ உருளைக்கிழங்கு மூட்டையும், அதன்மேல் அமர்ந்து வரும் மனிதரும். பழைய அச்சை வாங்கும்போது அம்மனிதரை நினைந்து வாங்குவோமாக.