சுத்தம் தோட்டத்தில் தொடங்கட்டும்

செந்துறை பக்கம் முந்திரி விற்பவர்கள், மாம்பழத்துக்கு நேர்ந்ததை நினைவில் வைப்பது நல்லது. 2014 மே 1 முதல் இந்திய மாம்பழம், கத்தரி, பாகல், புடலை, சேம்பு ஆகியவற்றுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டது. முந்தைய ஆண்டில் இந்தியாவிலிருந்து போன பழம், காய்கறிச் சரக்குகளில் 207-ல் பழ ஈ போன்ற பூச்சிகள் பிடிபட்டதே காரணம். சுத்தமாக விளைவித்தவர்களும் சேர்ந்தே சந்தையை இழந்தார்கள். மாம்பழத் தடை விலக 2015 தொடக்கம் வரை ஆனது.

வாங்கும் நாடு கேட்டால், பயிர் நலச் சான்றிதழ் இல்லாமல் சரக்கு கப்பல் ஏறாது. மத்திய அரசின் பயிர்த் தொற்றுத் தடுப்பு நிலையம் (சென்னையில் மீனம்பாக்கம்) சரக்கைப் பரிசோதித்த பிறகே சான்று தரும். பூச்சியோ மண்ணோ இருந்தால் சிக்கல்தான்.

விவசாயி செய்யவேண்டியவை:

முந்திரி: உதிர்ந்த பழங்களை அன்றன்றே பொறுக்கி, கொட்டையைத் திருகியெடுத்து, மண் நீக்கி, 2-3 நாள் நல்ல வெயிலில் காயவைக்கவும். ஈரம் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். மூட்டைகளைச் சுவரை ஒட்டாமல் மரப்பலகை மேல் அடுக்கவும்.

மா: பழ ஈயின் புழு மண்ணுக்குள் இறங்கியே கூட்டுப்புழுவாகும். எனவே உதிர்ந்த பழங்களை ஆழமாகப் புதைக்கவும். ஆண் ஈக்களைக் கவர மெத்தில் யூஜினால் பொறி வைக்கவும்.

ஏற்றுமதியாளர் 48 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் பழத்தை முக்கி எடுப்பார். ஆனால் புழு துளைத்த பழத்தை அது நல்ல பழமாக்காது. விலையும் கிடைக்காது.