பாட்டனார் பதிவு

கற்பிட்டிக் கரையில் வாழும் ஒருவர் தம் பாட்டனாரின் பிறப்புப் பதிவை எங்கே தேடுவது? வாழ்ந்த ஊரிலன்று; பிறந்த ஊரின் பதிவிலேதான். 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இக்கரையிற் குடியேறிய முஸ்லிம் மக்களுக்கு இதுவே பேரிடர். பத்திரங்கள் பலவும் அங்கேயே நின்றுவிட்டன.

ஆயினும் பதிவு இரு பிரதிகளாக எழுதப்படுவது. ஒன்று பதிவாளர் நாயகத்தைச் சேரும். ஊர்ப் புத்தகம் அழிந்தாலும் மற்றது எஞ்சியிருக்கக்கூடும். 1922இல் டப்ளின் ஆவணக்களரி எரிந்தபோதும், 1864 முதலான அயர்லாந்துப் பிறப்புப் பதிவுகள் வேறிடத்தில் இருந்தமையாலே தப்பின.

பிறந்த ஊர், ஏறத்தாழ ஆண்டு, தந்தை பெயர் ஆகியவற்றுடன் பிரதேச செயலகத்தை அணுகலாம். இணையத்தளம் வழியாகவும் விண்ணப்பிக்கலாம். பெயரின் எழுத்தில் மட்டும் பிடிவாதம் வேண்டா. எழுதியவர் தம் காதில் விழுந்தவாறே எழுதியிருப்பார்! 1867ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முற்பட்டோரைத் தேடும் கத்தோலிக்கர், கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டையே கேட்டல் வேண்டும்.