வலிமை வேறு, செறிவு வேறு

ஆய்வக மேசையில் இரண்டு கூம்புக் குடுவைகள். ஒன்றில் 20 மில்லி ஹைட்ரோகுளோரிக் அமிலம். மற்றதில் 20 மில்லி அசிட்டிக் அமிலம், வினிகருக்குப் புளிப்பைத் தருகிற அதே பொருள். இரண்டும் 0.1 மோலார் செறிவு. பி.எச். பார்த்தால் முதலாவது 1 காட்டும். இரண்டாவது 3-க்குச் சற்றுக் கீழே நிற்கும்.

இரண்டு எண்தானே என்று விட்டுவிட முடியாது. 1909-இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் சோரன்சன் வகுத்த இந்த அளவு, கரைசலில் தனித்துத் திரியும் ஹைட்ரஜன் அயனிகளைப் பத்துப் பத்து மடங்காக எண்ணுவது. எண் ஒன்று குறைந்தால் அயனி பத்து மடங்கு கூடுகிறது. அந்த வகையில் முதல் குடுவையில் ஏறக்குறைய 75 மடங்கு அயனிகள் அதிகம்.

இப்போது தரம் பார்ப்போம்: இரண்டிலும் பினாப்தலீன் என்ற நிறங்காட்டியை இரண்டு சொட்டு விட்டு, பியூரெட்டிலிருந்து 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தை இறக்குவோம். முதல் குடுவை 20 மில்லியில் இளஞ்சிவப்பாகும். அயனி 75 மடங்கு குறைந்த இரண்டாவதற்குக் கால் மில்லி போதுமே என்று தோன்றும். போதாது. சொட்டு விழுந்த இடத்தில் சிவப்பு படரும், குலுக்கினால் மறைந்துவிடும். இப்படிப் போக்குக் காட்டி, அதுவும் 20 மில்லியில்தான் நிறம் பிடிக்கும். பலமுறை செய்து பார்த்தும் எனக்கு அலுக்காத காட்சி இது.

அசிட்டிக் அமில மூலக்கூறுகளில் நூற்றுக்கு ஒன்று அளவில்தான் தன் ஹைட்ரஜனை அயனியாக விட்டிருக்கும். மற்றவை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும். காரம் வந்து அந்த ஒன்றைத் தீர்த்ததும் இன்னொன்று விட்டுக்கொடுக்கும். பி.எச். சொல்வது கையிலிருக்கும் சில்லறையை. தரம் பார்த்தல் சொல்வது பெட்டியிலிருக்கும் மொத்தப் பணத்தை.

ஹைட்ரோகுளோரிக் அமிலமோ நீரில் கலந்த உடனே முழுக்கப் பிரிந்துவிடும். அதனால்தான் அது வலிமை மிகு அமிலம். அதையே ஆயிரம் மடங்கு நீர்க்கச் செய்தால் பி.எச். 4-க்கு ஏறிவிடும், சமையலறை வினிகர் அதைவிட அமிலத்தன்மை கூடியது. அப்போதும் அது வலிமை மிகு அமிலம்தான். தண்ணீர் ஊற்றினால் செறிவு குறையும், இயல்பு மாறாது.

வலிமை குறைந்தது என்றால் ஆபத்து குறைந்தது என்று மாணவர்கள் எண்ணுவதுதான் எனக்குக் கவலை. ஹைட்ரோபுளூரிக் அமிலமும் வலிமை குறைந்த அமிலங்களின் பட்டியலில்தான் இருக்கிறது. அது தோலுக்குள் ஊடுருவி உடலின் கால்சியத்தைப் பிணைத்துக்கொள்ளும், கண்ணாடியையும் அரிக்கும். அதை பிளாஸ்டிக் குப்பியில்தான் வைக்கிறார்கள்.