காற்று போகும் குழலின் நீளம்

தில்லியின் லோதி ரோட்டில் ஓடும் ஏதாவது ஒரு பெட்ரோல் காரின் பானட்டைத் திறந்து பாருங்கள். டர்போ இல்லாத சாதாரண கார் என்றால், இன்ஜினின் ஒரு பக்கத்தை அணைத்தபடி கறுப்புப் பிளாஸ்டிக் குழல்கள் வளைந்து போவதைப் பார்க்கலாம். நான்கு சிலிண்டர் இன்ஜினுக்கு நான்கு குழல், மூன்று சிலிண்டருக்கு மூன்று. அவை எல்லாம் சேருமிடத்தில் ஒரு பொதுவான காற்றறை, அதன் வாயில் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் திராட்டில். இந்த முழு அமைப்பும்தான் இன்டேக் மேனிஃபோல்டு. வடிகட்டியைத் தாண்டி வரும் காற்றைச் சிலிண்டர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிற பாகம் இது.

முப்பது ஆண்டுகளுக்கு முன் இதே சாலையில் போன பெரும்பாலான கார்களில் இந்தக் குழல்கள் கிடையாது. அந்த இடத்தில் ஒரு சிறிய அலுமினிய வார்ப்பு இருக்கும், அதன் தலையில் கார்புரேட்டர் உட்கார்ந்திருக்கும். இந்த மாற்றத்துக்குத் தில்லியில் நாள் குறித்தது உச்ச நீதிமன்றம். தலைநகர வட்டாரத்தில் 1999 ஜூன் 1 முதல் யூரோ 1 மாசு அளவுக்கும், 2000 ஏப்ரல் 1 முதல் யூரோ 2 அளவுக்கும் கட்டுப்படாத தனியார் கார்களைப் பதிவு செய்யக் கூடாது என்று 1999 ஏப்ரலில் அது உத்தரவிட்டது. கார்புரேட்டரை வைத்துக்கொண்டு யூரோ 2 அளவை எட்டுவது பெரும்பாடு. எம்.பி.எஃப்.ஐ. என்று நாம் சொல்லும் பல முனை எரிபொருள் பீய்ச்சும் முறை மாருதி 800 வரைக்கும் இறங்கி வந்தது அப்போதுதான்.

மாசைக் குறைக்க வந்த அந்த உத்தரவால் மேனிஃபோல்டுக்கும் ஒரு விடுதலை கிடைத்தது. கார்புரேட்டர் இன்ஜினில் பெட்ரோல் வாசலிலேயே காற்றோடு கலந்துவிடும். குழல் நீளமாகவோ குளிர்ச்சியாகவோ இருந்தால் பெட்ரோல் துளிகள் சுவரில் படிந்து ஒழுக ஆரம்பிக்கும். ஒரு சிலிண்டருக்கு அதிகம் போகும், இன்னொன்றுக்குக் குறையும். அதனால் குழலைக் குட்டையாக வைத்து, ரேடியேட்டர் வெந்நீராலோ சைலன்சர் பக்கத்துச் சூட்டாலோ அதைச் சூடாக்கி வைத்தார்கள். எம்.பி.எஃப்.ஐ.யில் பெட்ரோல் பீய்ச்சும் முனை வால்வுக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது. குழலில் போவது வெறும் காற்று. இனி அதைச் சூடாக்க வேண்டியதில்லை. எவ்வளவு நீளம் வேண்டுமோ அவ்வளவு வைக்கலாம், கண்ணாடி இழை கலந்த நைலானிலேயே வார்க்கலாம்.

நீளத்துக்கு ஏன் இத்தனை மதிப்பு?

இன்ஜினின் சக்தி பெட்ரோலில் இருக்கிறது என்று நினைக்கிறோம். பெட்ரோலைக் கூடுதலாகப் பீய்ச்சுவது சுலபம். அதை எரிக்கும் காற்றை உள்ளே கொண்டுவருவதுதான் கஷ்டம். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்குக் கணக்குப் போட்டால் சுமார் 9,000 லிட்டர் காற்று. 1.2 லிட்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது, திராட்டிலை முழுக்கத் திறந்துவிட்டால், நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,800 லிட்டர் காற்றுக்கு இடம் தருகிறது. அந்த இடம் முழுவதும் நிரம்புவதில்லை. சாலையில் ஓடும் நல்ல இன்ஜின்களிலேயே பத்தில் எட்டு, ஒன்பது பங்குதான் நிரம்பும். மிச்சத்தை எப்படி நிரப்புவது என்பதுதான் மேனிஃபோல்டு வடிவமைப்பவரின் கவலை.

இதற்கு இயற்கை இரண்டு உதவிகளைச் செய்கிறது. முதலாவது காற்றின் வேகம். பிஸ்டன் கீழே இறங்கும்போது இழுக்கப்பட்டு ஓடிவரும் காற்று, பிஸ்டன் அடியைத் தொட்டு மேலே திரும்பிய பிறகும் சட்டென்று நிற்காது. அதனால்தான் இன்டேக் வால்வைப் பிஸ்டன் திரும்பிச் சற்று ஏறிய பிறகே மூடும்படி வைக்கிறார்கள்.

இரண்டாவது உதவி இன்னும் நுட்பமானது. பிஸ்டன் இழுத்தவுடன் வால்வுப் பக்கம் அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவு ஓர் அலையாகக் குழலில் ஒலியின் வேகத்தில், நொடிக்குச் சுமார் 350 மீட்டர், ஓடிக் காற்றறையை அடைகிறது. குழல் அங்கே திடீரென்று அகன்றுவிடுவதால் அலை தலைகீழாகிறது. அழுத்தக் குறைவாகப் போனது அழுத்த மிகுதியாகத் திரும்பி வருகிறது. வால்வு மூடப்போகும் தறுவாயில் அது வந்து சேர்ந்தால் கொஞ்சம் கூடுதல் காற்றைச் சிலிண்டருக்குள் தள்ளிவிடும். சற்று முன்னதாகவோ பின்னதாகவோ வந்தால் அந்தப் பலன் இல்லை. 40 செ.மீ. குழலில் அலை போய்வர ஆயிரத்தில் 2.3 பங்கு நொடி ஆகிறது. பிஸ்டன் ஒரு முறை மேலிருந்து கீழே இறங்க 6,000 சுற்றில் ஆயிரத்தில் 5 பங்கு நொடி, 2,000 சுற்றில் 15 பங்கு. குழலின் நீளம் மாறாது, இன்ஜினின் வேகம் மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே ஒரு நீளம் ஏதோ ஒரு வேகத்துக்குத்தான் சரியாகப் பொருந்தும்.

நாகஸ்வரத்தில் திமிரி குட்டை, அதன் சுருதி உயரம். பாரி நீளம், அதன் சுருதி தாழ்வு. மேனிஃபோல்டிலும் இதே கதைதான். நீண்ட குழல் குறைந்த சுற்றுக்கும் குட்டைக் குழல் உயர்ந்த சுற்றுக்கும் இசையும். இரண்டிலும் வேலை செய்வது குழலுக்குள் போய்வரும் அழுத்த அலையே என்பதால் இதை வெறும் உவமை என்று சொல்ல எனக்கு மனமில்லை.

இதைக் கண்ணாரக் காட்டிய கார் ஒன்று உண்டு. அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் 1960இல் விற்ற 300எஃப். கார்புரேட்டர் காலத்திலேயே துணிந்து 30 அங்குல நீளக் குழல்களை இன்ஜினுக்குக் குறுக்கே போட்டார்கள். சுமார் 6.8 லிட்டர் வி-8 இன்ஜின். 375 குதிரைத்திறன், 2,800 சுற்றிலேயே உச்சத்தைத் தொடும் சுமார் 670 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. இன்னும் வேகம் கேட்டவர்களுக்கு, வெளித்தோற்றம் மாறாமல் குழல்களின் உட்சுவரை மட்டும் வெட்டிவிட்டு, பயன்படும் நீளத்தைப் பாதியாக, 15 அங்குலமாக ஆக்கிக் கொடுத்தார்கள். திறன் 400 ஆனது. முறுக்குவிசை சுமார் 630க்கு இறங்கியது, அதுவும் 3,600 சுற்றில்தான் கிடைத்தது. மேனிஃபோல்டு மாற்ற நினைக்கும் ஒவ்வொருவரும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய எண்கள் இவை. திறன் என்பது முறுக்குவிசையையும் சுற்றையும் பெருக்கிக் கிடைப்பது. உச்சத்தை உயர்ந்த சுற்றுக்குத் தள்ளினால் திறன் எண் பெரிதாகும், கீழ்ச் சுற்றில் வண்டி சோர்ந்துபோகும்.

இரண்டும் வேண்டுமென்றால் ஓடும்போதே குழல் நீள வேண்டும், குறுக வேண்டும். 1991இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற மஸ்டா 787பி காரில் அப்படி நீண்டு குறுகும் குழல்கள் இருந்தன. அந்தப் பந்தயத்தை வென்ற முதல் ஜப்பானியக் கார் அது. 2001இல் பி.எம்.டபிள்யூ. தன் 7 சீரிஸ் காரின் வி-8 இன்ஜினில், நீளம் படிப்படியாக இல்லாமல் தொடர்ச்சியாக மாறும் மேனிஃபோல்டைக் கொண்டுவந்தது. ஃபார்முலா 1இல் 2006 முதல், 2.4 லிட்டர் வி-8 இன்ஜின்கள் வந்தபோது, இந்த வசதியைத் தடை செய்தார்கள். ஆகவே 2011 முதல் 2013 வரை தில்லிக்கு அருகே கிரேட்டர் நொய்டாவின் புத்தா பந்தயத் தளத்தில் ஓடிய ஃபார்முலா 1 கார்கள் எல்லாம், கோவைக்காரர் நரேன் கார்த்திகேயன் 2011லும் 2012லும் ஓட்டிய கார் உட்பட, நீளம் மாறாத குட்டைக் குழல்களோடுதான் ஓடின. நிமிடத்துக்கு 18,000 சுற்று வரை போகும் இன்ஜினுக்கு அந்தக் குட்டை நீளமே பொருத்தம்.

இனிப் பட்டறைக்கு வருவோம். மேனிஃபோல்டை மேம்படுத்துவது என்றால் நடைமுறையில் மூன்று வேலைகளைச் சொல்வார்கள். குழலின் நீளத்தையும் குறுக்களவையும் மாற்றி வேறு மேனிஃபோல்டு போடுவது, காற்றறையையும் திராட்டிலையும் பெரிதாக்குவது, இருக்கும் மேனிஃபோல்டையே சிலிண்டர் ஹெட்டோடு சரியாகப் பொருத்துவது. கடைசி வேலைக்குப் பெயர் இல்லை, பளபளப்பு இல்லை. எனக்குப் பிடித்தது அதுதான்.

மேனிஃபோல்டைக் கழற்றி, அது ஹெட்டில் உட்காரும் முகத்தைப் பாருங்கள். மேனிஃபோல்டின் துளையும் ஹெட்டின் துளையும் பல பழைய இன்ஜின்களில் ஒன்றின் மேல் ஒன்று சரியாக விழுவதில்லை. ஒரு பக்கம் மில்லிமீட்டர் அளவில் படி நிற்கும், அல்லது கேஸ்கெட்டின் ஓரம் துளைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். ஓடிவரும் காற்று அந்தப் படியில் மோதிச் சுழலும். முகத்தில் நீலச் சாயம் பூசி, கேஸ்கெட்டை வைத்து ஊசிமுனையால் கோடு போட்டு, கோடுவரை கிரைண்டரால் தேய்த்து, உள்ளே சிறிது தூரம் வரை சரிவாக இழைத்துவிட வேண்டும். பெட்ரோல் பீய்ச்சும் முனைக்குக் கீழே உள்ள சுவரைக் கண்ணாடி போல் மெருகேற்ற வேண்டாம். சற்றுச் சொரசொரப்பாக இருந்தால் சுவரில் படியும் பெட்ரோல் மறுபடி காற்றோடு கலக்க வசதி. இந்த வேலையை அலுமினியத்தில்தான் செய்ய முடியும். தனித்தனித் துண்டுகளாக வார்த்து ஒட்டிய பிளாஸ்டிக் மேனிஃபோல்டைத் தேய்க்கப் போனால் சுவர் மெலிந்து ஒட்டு விட்டுவிடும். பிளாஸ்டிக் என்பதால் மட்டம் என்றும் நினைக்க வேண்டாம். அதன் உட்புறம் வழவழப்பு, இன்ஜின் சூட்டையும் எளிதில் கடத்தாது. மினுமினுக்கும் அலுமினிய மேனிஃபோல்டு இந்த இரண்டிலும் அதனிடம் தோற்கலாம்.

திரும்ப மாட்டும்போது போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். ஓரத்தில் மயிரிழை கசிவு இருந்தாலும் கணக்கில் வராத காற்று உள்ளே புகும், ஐடிலில் இன்ஜின் ஏறி இறங்கும். பிரேக்குக்குத் துணை செய்யும் பூஸ்டரின் வெற்றிடக் குழாயும் மேனிஃபோல்டிலிருந்துதான் போகிறது. சிலிண்டருக்கொரு திராட்டில் வைத்துப் பொதுக் காற்றறையையே எடுத்துவிடும் ஆசை உள்ளவர்கள் முதலில் பிரேக்குக்கு ஒரு வழி செய்துவிட்டு அப்புறம் இன்ஜினைத் தொட வேண்டும்.

இதோடு முடியாது. நம் கார்கள் பலவற்றில் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யு., உள்ளே போகும் காற்றை நேராக எடை போடுவதில்லை. மேனிஃபோல்டின் அழுத்தம், காற்றின் வெப்பம், சுற்று ஆகிய மூன்றையும் பார்த்து, இந்தச் சுற்றில் இந்த இன்ஜின் இவ்வளவு நிரம்பும் என்று தொழிற்சாலையில் எழுதிவைத்த அட்டவணையிலிருந்து கணக்கிடுகிறது. குழலை மாற்றினால் அந்த அட்டவணை பொய்யாகிறது. உயர்ந்த சுற்றில் காற்று கூடி, பெட்ரோல் பழைய கணக்கிலேயே வந்தால் கலவை மெலிந்து பிஸ்டனுக்கே ஆபத்து. இ.சி.யு.வைத் திரும்ப எழுதாமல் மேனிஃபோல்டை மட்டும் மாற்றுவது அரைகுறை வேலை.

சரி, லோதி ரோட்டில் போகிறவருக்கு எது நல்லது? சப்தர்ஜங் கல்லறைப் பக்கத்திலிருந்து நிஜாமுதீன் வரை சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்பும் வண்டியின் இன்ஜின் பெரும்பாலும் 1,500க்கும் 3,000க்கும் இடையில்தான் சுற்றுகிறது. தொழிற்சாலைக்காரர் நீண்ட குழல் வைத்தது இந்தச் சுற்றை மனத்தில் வைத்துத்தான். குட்டைக் குழல் போட்டால் கிடைக்கும் லாபம், இந்தச் சாலையில் யாரும் போகாத 5,500 சுற்றுக்கு மேல் காத்துக்கொண்டிருக்கும். சிக்னலில் பிக்கப் குறைவதை மட்டும் தினமும் உணரலாம். குட்டைக் குழலின் இடம் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்தின் நேர்ப்பாதை, அல்லது கோவை கரி மோட்டார் ஸ்பீட்வே.

சட்டமும் இதையே சொல்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவான வண்டியின் விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி எதையும் திருத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தச் சட்டம், அனுமதியின்றி மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று வைத்திருக்கிறது.

லோதி ரோட்டில்தான் இந்திய வானிலைத் துறையின் தலைமையகமான மௌசம் பவன் இருக்கிறது. அங்கே குறிக்கும் எண்களை இன்ஜின்காரர்களும் கவனிக்க வேண்டும் என்பேன். ஜனவரி விடியலில் 5 டிகிரி, மே மாத மதியத்தில் 45 டிகிரி என்று வையுங்கள். அழுத்தம் ஒன்றே என்று கொண்டாலும், 5 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 1.27 கிலோ, 45 டிகிரியில் சுமார் 1.11 கிலோ. எட்டில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. கோடையில் வட இந்தியாவில் காற்றழுத்தமும் தணிவதால் நிஜத்தில் இன்னும் கொஞ்சம் குறையும். ஏறத்தாழ 3 டிகிரி சூடு ஏறினால் காற்றின் எடை நூற்றில் ஒரு பங்கு போகிறது. நெரிசலில் நிற்கும் காரின் பானட்டுக்குள் 60 டிகிரியைத் தாண்டும். வடிகட்டிப் பெட்டியை எடுத்துவிட்டு, இன்ஜின் பக்கத்தில் திறந்தபடி ஒரு கூம்பு வடிகட்டியை மாட்டுகிறவர்கள் இந்தச் சூட்டுக் காற்றைத்தான் இன்ஜினுக்குக் கொடுக்கிறார்கள். சத்தம் கம்பீரமாக இருக்கும், உள்ளே போகும் காற்று இளைத்திருக்கும். முன்பக்கக் கிரில்லிலிருந்து வெளிக்காற்றைக் கொண்டுவரும் பழைய பிளாஸ்டிக் குழாய் உடையாமல் இருக்கிறதா, வடிகட்டி தூசி அடைக்காமல் இருக்கிறதா, மேனிஃபோல்டு ஓரம் கசிகிறதா என்று பார்த்துக்கொள்பவர் அவர்களைவிட நன்றாக ஓட்டுவார்.

அப்படியும் மாற்றிப் பார்க்கத்தான் வேண்டும், பந்தயத் தளத்துக்குத்தான் வண்டி என்றால், மாற்றுவதற்கு முன்னும் பின்னும் திறனை அளக்கும் டைனோவில் ஏற்றி அளந்துவிடுங்கள். இரண்டு அளவையும் 25 டிகிரி வெப்பத்துக்கும் 99 கிலோபாஸ்கல் அழுத்தத்துக்கும் திருத்தித் தரச் சொல்லுங்கள். கார் நிறுவனங்கள் திறனைக் குறிப்பிடும் சர்வதேச முறை அதுவே. இந்தத் திருத்தம் இல்லாவிட்டால், கோடையில் முதல் அளவும் குளிர்காலத்தில் இரண்டாவது அளவும் எடுத்த ஒருவருக்கு, எதையும் மாற்றாமலேயே திறன் கூடியதாகத் தெரியும். காகிதத்தில் உச்ச எண்ணை மட்டும் பார்க்காமல் இரண்டு கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். புதிய கோடு எந்தச் சுற்றில் பழைய கோட்டைத் தாண்டுகிறதோ, உங்கள் கியர்கள் இன்ஜினை அந்தச் சுற்றுக்கு மேலேயே வைத்திருந்தால்தான் அந்த மேனிஃபோல்டு உங்கள் வண்டிக்கு ஆகும்.